தீ வைத்த ரசீது

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் சேரியில் யாரும் வாசலில் துணி காயப்போட மாட்டார்கள். விடிந்து எழுந்து பார்த்தால் தண்ணிக்குடத்தின் வாயில், ஆட்டு முதுகில், திண்ணையில் படுத்துக்கிடக்கும் கிழவிகளின் நரைமுடியில் என்று எல்லா இடத்திலும் கரிந்த புல் இழை உட்கார்ந்திருக்கும். விரலால் தொட்டால் மாவாகிவிடும். ராத்திரி மலை எரிந்திருக்கிறது என்று அர்த்தம். ‘மலை நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு’ என்று அப்பத்தா சொல்லும்.

எங்க ஊர் பெரியகுளத்துக்கும் தேவதானப்பட்டிக்கும் நடுவில், பழனிமலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ரோட்டோரம் ஊர்த்தெரு. அதைத் தாண்டி மாந்தோப்புகள். தோப்புகளுக்கும் மலைக்கும் இடையில், ஓடை மலையை விட்டு இறங்கித் தரையைத் தொடுகிற வாயில் எங்க தெரு. புறம்போக்கு. ஐப்பசியில் வெள்ளம் முதலில் எங்க வீட்டுக்குத்தான் வரும். பங்குனியில் புகை முதலில் எங்க வீட்டுக்குத்தான் வரும்.

பகலெல்லாம் மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும். புகையும் அதோடு கொடைக்கானல் பக்கம் ஏறிப் போய்விடும். பொழுது சாய்ந்து மலை குளிர்ந்ததும் காற்று திரும்பிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணி மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். ஓடை வழியாகவே இறங்கி வந்து எங்க தெருவில் தேங்கி நிற்கும். வெயில் ஏறுகிற எட்டு, ஒன்பது மணி வரைக்கும் அசையாது. இதையெல்லாம் ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதுவரை புகை சாதி பார்த்துத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை. காற்றுக்குச் சாதி கிடையாது, சரி. ஓடை வாயில் யாரைக் குடிவைப்பது என்று முடிவு பண்ணினது காற்று இல்லையே.

எங்க அம்மா பீடி குடித்ததில்லை, சுருட்டுக் குடித்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு கோடையிலும் அதற்கு இழுப்பு வரும். ராத்திரி படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ‘கதவத் தொறடா’ என்று சொல்லும். திறந்தால் உள்ளே வருவதும் புகைதான். ‘சரி சாத்து’ என்று சொல்லும். சர்க்கார் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் ஒரே ஜன்னல். ஆஸ்பத்திரியில், அடுப்புப் புகை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுப்புப் புகையும் உண்டுதான். ஆனால் அடுப்பு வருசம் முழுக்க எரிகிறது, இழுப்பு பங்குனி சித்திரையில்தான் வருகிறது என்பதை அந்த டாக்டரிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்கும் அன்றைக்கு வரவில்லை.

புகையைப் பற்றி இவ்வளவு போதும். நான் எழுத வந்தது தீ வைத்தவன் யார் என்கிற கேள்வியைப் பற்றி.

இந்தக் கேள்வி எங்க தெருவுக்குப் புதிது இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மலையில் தீ தெரிந்த மறுநாள் காக்கிச்சட்டை தெருவுக்கு வரும். ‘எவன்டா வச்சது?’ ஊர்த்தெருவில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டதாக நான் அறியேன். மலைக்கு விறகுக்குப் போகிறவன், ஈச்சமார் அறுக்கிறவன், கடுக்காய் பொறுக்குகிறவன், ஆடு மேய்க்கிறவன் எல்லாரும் எங்க ஆளுக அல்லது மலைமேல் இருக்கிற பளியர்கள், புலையர்கள். ஆகவே வைத்தவன் இவர்களில் ஒருத்தன்தான். விசாரணை அத்தோடு முடிந்தது.

எங்க ஆளுக யாருமே வைத்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வைத்திருக்கிறார்கள். காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் முதல் கோடைமழைக்குப் பிறகு இளம்புல் துளிர்க்கும், ஆட்டுக்கு ஆகும். தேனெடுக்கப் போனவன் சூந்தை சரியாக மிதித்து அணைக்காமல் வந்திருக்கலாம். ஆனால் கொடைக்கானல் போகிற மலைப்பாதையில் கார் ஜன்னல் வழியாக எறிகிற சிகரெட் துண்டும் தீதான். மது குடிக்க மேலே ஏறுகிறவர்கள் மூட்டுகிற அடுப்பும் தீதான். தோட்டக்காரர்கள் சருகு கூட்டிக் கொளுத்தி அது எல்லை தாண்டினாலும் தீதான். 2004ஆம் ஆண்டிலிருந்து செயற்கைக்கோள் படத்தை வைத்து எந்த இடத்தில் எரிகிறது என்று அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்புகிறார்கள். இன்றைக்கு அது செல்போனுக்கே வந்துவிடுகிறது. இடம் தெரிகிறது. ஆள் தெரிவதில்லை. ஆளைத் தேடுவதற்கு மட்டும் பழைய வழிதான், எங்க தெருவுக்கு வருகிற வழி.

இந்த வழி எப்போது போடப்பட்டது என்று தேடிப் பார்த்தேன்.

1864இல் வெள்ளைக்காரன் வனத்துறையை உண்டாக்கினான். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும், தேக்கு வேண்டும். அந்த 1860களிலேயே மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீயை அடியோடு நிறுத்தும் வேலை தொடங்கிவிட்டது. தீ என்றால் மரத்துக்குப் பகை, மரம் என்றால் காசு. 1878இல் இந்திய வனச்சட்டம் வந்தது. மதராஸ் மாகாணத்துக்கு 1882இல் தனிச்சட்டம். அதன்படி ரிசர்வ் என்று அறிவித்த காட்டில் தீ வைப்பது குற்றம், அனுமதியில்லாமல் மாடு ஓட்டுவது குற்றம், விறகு எடுப்பது குற்றம். அப்பன் பாட்டன் காலத்து வேலைகள் எல்லாம் ஒரே நாளில் குற்றப்பட்டியல் ஆயின.

அதைவிடக் கொடுமையான ஒன்றும் உண்டு. 1878 சட்டத்திலும் அதன் வழியில் வந்த 1927 சட்டத்திலும், வேண்டுமென்றோ பெரும் கவனக்குறைவாலோ காட்டில் தீ உண்டானால் அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமையையும் பொருள் எடுக்கும் உரிமையையும் சர்க்கார் நிறுத்தி வைக்கலாம் என்று இருக்கிறது. வைத்தவன் ஒருத்தன், தண்டனை எல்லாருக்கும். இன்னொரு பிரிவில், காட்டில் உரிமை அனுபவிக்கிறவன் தீயைக் கண்டால் தகவல் சொல்லவும் அணைக்கவும் கட்டுப்பட்டவன் என்று எழுதியிருக்கிறது. கூப்பிட்டால் வரணும். கூலி பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. வெட்டியான் வேலை, தோட்டி வேலை என்று ஊர் எங்களைக் கட்டிப்போட்டதைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். தீயணைக்கும் வெட்டிவேலையைச் சட்டமே கட்டிவைத்ததை நம்மில் யாரும் அதிகம் எழுதவில்லை.

அந்தச் சட்டம் வந்த மறுவருசம், 1883இல், மராட்டியத்தில் ஜோதிராவ் புலே ‘விவசாயியின் சாட்டை’ நூலை எழுதினார். மலையும் தரிசும் மேய்ச்சல் நிலமும் வனத்துறைக்குப் போய்விட்டன, ஏழை விவசாயியின் ஆட்டுக்குக் கால் வைக்க இடமில்லை என்று அதில் கொதிக்கிறார். பிராமணீயத்தைப் பற்றி புலே சொன்னதைப் படிக்கிற நம்ம ஆளுக காட்டைப் பற்றி அவர் சொன்னதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் ஆணை மதராஸில் வந்தது, பஞ்சமி நிலம் என்று இன்றும் அதற்காகப் போராடிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பத்து வருசம் முன்னாலேயே மலையடிவாரங்களை ரிசர்வாக வளைக்கும் சட்டம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குமாவுன் மலையில் 1921இல் ஜனங்கள் வனச்சட்டத்துக்கும் கட்டாய வேலைக்கும் எதிராகப் பைன் காடுகளைக் கொளுத்தினார்கள். அது வரலாற்றில் போராட்டம் என்று ஏறியிருக்கிறது. எங்க பக்கத்துத் தீயெல்லாம் கேஸ் கட்டில்தான் ஏறியிருக்கிறது.

தீயை அடியோடு நிறுத்தியதில் காடாவது பிழைத்ததா? பர்மாவில் தேக்குக் காட்டில் தீயை நிறுத்திப் பார்த்துவிட்டு, புதரும் மூங்கிலும் முண்டித் தேக்கு நாற்று முளைக்காமல் போனதைக் கண்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளே மனசை மாற்றிக்கொண்டார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்கள் வருசத் தொடக்கத்தில், சருகு குறைவாக இருக்கும்போதே, சின்னத் தீ வைத்து அதை எரித்துவிடுவார்கள். அதற்கு அவர்கள் பாஷையில் தனிப்பெயரே உண்டு. 1974இல் அது சரணாலயம் ஆனது, சின்னத் தீ நின்றது. இன்றைக்கு அங்கே உண்ணிச்செடி ஆள் நுழைய முடியாத அளவுக்கு மண்டிக்கிடக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். உண்ணிச்செடி வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்தது. எங்க மலையிலும் அதே செடிதான். அதன் சுள்ளி பச்சையாக இருந்தாலும் எரியும். மலை உச்சியில் கொண்டுவந்து நட்ட தைலமரமும் சீகை மரமும் பைனும் வேறு. எரிவதற்கென்றே அடுக்கிவைத்த மாதிரி. இதையெல்லாம் நட்டவன் பேர் எந்த விசாரணையிலும் வந்ததில்லை.

1973 கோடையில் எனக்குப் பதினேழு வயசு. ராத்திரி ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. எங்கய்யாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் எழுந்து போனார்கள். நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். கையில் ஆளுக்கொரு பச்சைக் கொப்பு, ஒரு அரிவாள், ஒரு குடுவைத் தண்ணி. அவ்வளவுதான் ஆயுதம். எங்கய்யா எனக்குச் சொன்னது மூணே விசயம்: தீக்கு மேல நிக்காத, அது மேட்டப் பாத்துத்தான் ஓடும். ஓடணும்னா எரிஞ்சு கரிஞ்ச தரைக்குள்ள ஓடு, அங்க திரும்ப எரியாது. காத்து மாறுதானு காதுல கேளு. புல்லை வெட்டி நீளமாகக் கோடு இழுத்தார்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து தீயை நோக்கி எதிர்த்தீ வைக்கச் சொன்னார் கார்டு. தீப்பெட்டியை எடுத்து உரசியது எங்கய்யா. இரண்டு தீயும் ஒன்றையொன்று பார்த்து வந்து, முட்டி, தின்ன ஒன்றுமில்லாமல் அடங்கின. அந்த வயசில் அதைவிடப் பெரிய காட்சியை நான் பார்த்ததில்லை. விடிய இறங்கினபோது எங்கய்யாவின் டயர்ச் செருப்பு உருகிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது. ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதே ஜீப் வந்தது. தீ வைத்ததாக எங்க தெருவில் ஆடு மேய்க்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனது. அதில் ஒருத்தர் எங்ககூட அந்த ராத்திரி கொப்பு அடித்தவர்.

எங்க தாத்தாவின் கதையும் இதேதான் என்று அப்பத்தா அன்றைக்குத்தான் சொன்னது. தகரப்பெட்டிக்குள் ஒரு மூங்கில் குழல் இருந்தது. அதற்குள் சுருட்டின காகிதம். 1927ஆம் வருசம். தாத்தா பேர், சாதிப்பேர், ஊர்ப்பேர், காட்டின் பேர், தீ வைத்த குற்றத்துக்குச் செலுத்திய தொகை ஐந்து ரூபாய். தாத்தாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. மசி காய்ந்துபோன பெருவிரல் ரேகை. ‘மேல ஏறி அணச்சுட்டு வந்த மனுசன, நீதான வச்சேன்னு பிடிச்சாக. உடம்புல கரி இருந்துச்சாம், அதான் சாட்சி. ரெண்டு ஆட்டை வித்துக் கட்டினோம்’ என்று அப்பத்தா சொன்னது. ஏன் இதை இத்தனை வருசம் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ‘திரும்ப வந்து காசு கேட்டா காட்டணும்ல’ என்றது. எங்க குடும்பத்தின் பெயர் எழுத்தில் இருக்கிற ஆகப் பழைய காகிதம் அதுதான். அதற்கு முந்தி எங்களுக்கு எழுத்தில் இருப்பே இல்லை.

2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். இதே தேனி மாவட்டம்தான். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த பிள்ளைகள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆள் உயரப் புல், எண்ணெய்ப்பசை உள்ளது, காய்ந்து நின்றது. எங்கய்யா சொன்ன மூணு விசயத்தை யாராவது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் மேலே ஓடியவர்கள் அந்த ஊர் ஜனங்களும் தோட்டத் தொழிலாளர்களும். போர்வையில் கம்பைக் கோர்த்துத் தொட்டிலாக்கி, தோல் உரிந்த உடம்புகளைத் தூக்கி இறக்கினார்கள். விசாரணைக்கு அதுல்ய மிஸ்ரா என்கிற மூத்த அதிகாரியை நியமித்தார்கள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. தூக்கி இறக்கியவர்கள் ‘உள்ளூர் மக்கள்’ என்கிற இரண்டு சொல்லோடு முடிந்துபோனார்கள்.

அணைக்கப் போய்ச் செத்தவர்கள் கணக்கும் உண்டு. 2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் மூன்று வனக் காவலர்கள் தீக்குள் மாட்டிச் செத்தார்கள். 2024 ஜூனில் உத்தரகாண்டு பின்சரில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் செத்தார்கள். அதே 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத் தீக்கு விமானப்படை ஹெலிகாப்டர் தொட்டி கட்டித் தண்ணி ஊற்றியதை டிவியில் காட்டினார்கள். ஊற்றட்டும், நல்லதுதான். ஹெலிகாப்டர் போன பிறகு கட்டையில் கனன்றுகொண்டிருக்கிற நெருப்பை மிதித்து அணைக்கிறவன் கையில் இன்னமும் பச்சைக் கொப்புத்தான் இருக்கிறது.

இப்போது அந்த ரசீதுக்கு வருகிறேன்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடிகளுக்கும், காட்டை நம்பிப் பரம்பரையாக வாழ்கிற மற்றவர்களுக்கும் உரிமை உண்டு என்றது. பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், காட்டவேண்டும். நாங்கள் அந்த ‘மற்றவர்கள்’. பழனிமலைப் புலையர்கள் காடே கதியென்று வாழ்ந்தவர்கள். பட்டியல் சாதியில் இருப்பதால் அவர்களும் இந்த 75 வருசக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படிக்கவிடாத, நிலம் எழுதிக்கொடுக்காத சனத்திடம் 1930க்கு முந்தின காகிதம் கேட்டால் எங்கே போவது?

எங்களிடம் இருந்தது. வடக்கே பல இடங்களில் ஆதிவாசிகள் பழைய அபராத ரசீதையே சான்றாக வைத்து உரிமை கேட்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். மேய்ச்சலுக்கும் ஈச்சமாருக்கும் கடுக்காய்க்கும் எங்க தெருவே சேர்ந்து சமூக உரிமை கேட்டு எழுதலாம் என்று பேச்சு வந்தபோது நான் மூங்கில் குழலை எடுத்துக்கொண்டு போனேன். பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். 1927! மூணு வருசம் மிச்சமிருக்கு!

எங்க அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கய்யாவின் கடைசித் தங்கச்சி, எண்பத்தைந்து தாண்டிவிட்டது. ‘எங்கப்பன் தீ வச்சான்னு நீயே கொண்டுபோயிக் குடுப்பியா? அந்த மனுசன் சாகுறவரைக்கும் நான் வைக்கலன்னுதான் சொன்னாரு. அம்புட்டு வருசம் வைக்கல வைக்கலன்னு சொன்னத, பேரன் வாத்தியாரு வந்து ஆமா வச்சாருன்னு எழுதித் தர்றதா?’ நான் என் படிப்பையெல்லாம் திரட்டி விளக்கினேன். தீ வைத்தது முக்கியமில்லை அத்தை, தேதிதான் முக்கியம், சர்க்கார் கையெழுத்துத்தான் முக்கியம் என்றேன். ‘ஒனக்கு முக்கியமில்ல’ என்றது. பதில் சொல்ல முடியவில்லை. நாலு நாள் அந்தக் குழல் என் மேஜையிலேயே கிடந்தது.

கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னது. பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதியும் சான்றாக வைக்கலாம் என்று விதியில் இருப்பதை யாரோ அதனிடம் சொல்லியிருக்கிறார்கள். ‘அப்ப நான் சொல்றத எழுதி அந்தக் காயிதத்துக்கு மேல தச்சுக் குடு.’ கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒருத்தி எழுதினாள். அத்தை சொல்லச் சொல்ல, எந்த மேடு, எந்த ஓடை, எந்தக் கோடை, கூட யார் யார் போனார்கள், என்ன கொப்பு வெட்டினார்கள், எத்தனை ஆடு விற்றார்கள் என்று இரண்டு பக்கம் வந்தது. தான் பிறப்பதற்கு முந்தின கதையை நேரில் பார்த்த மாதிரி சொன்னது. நான் திருத்தவில்லை. எங்க ஆத்தா எனக்குச் சொன்னது என்று ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன். கீழே அத்தையின் பெருவிரல் ரேகை. பின்னால் ரசீதில் அதன் அப்பன் ரேகை.

கிராம சபை தீர்மானம் போட்டு மேலே அனுப்பியாயிற்று. இன்னும் பதில் வரவில்லை. இந்தக் கோடையிலும் ஓடைக்கு மேற்கே எரிந்தது. இப்போது ஹாரன் இல்லை, போன் வருகிறது. எங்க தெருவில் மூன்று பேர் போனார்கள், ஒருத்தன் என் தம்பி மகன். மூன்று பேர் பெயரையும், தேதியையும், ஏறின நேரத்தையும், இறங்கின நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ‘எதுக்கு பெரியப்பா?’ என்று கேட்டான் தம்பி மகன். கையைக் கழுவிட்டுப் போடுடா, கரியாகுது நோட்டு என்றேன்.